ராமநாதபுரம் கடற்கரையில் கர்ப்பகாலப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மண்டபத்துக்கும் சாயல்குடிக்கும் நடுவிலுள்ள கடலோரத் துணை சுகாதார நிலையங்களில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. நர்சிங் படிக்கிற பிள்ளைகள், ஆய்வுக்கு வருகிறவர்கள், மருமகளை நினைத்துக் கவலைப்படுகிற மாமியார்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன்.

இப்போது எல்லோரும் ஆஸ்பத்திரியில்தானே பிள்ளை பெறுகிறார்கள், இன்னும் என்ன குறை?

பிரசவக் கணக்கில் குறை சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. நான்கு முறையாவது பரிசோதனைக்குப் போன தாய்மார் இங்கே சுமார் 90 சதவீதம். நாடு முழுக்க எடுத்தால் 58 சதவீதம்தான். ஆனால் அதே ஆய்வில், முதல் மூன்று மாதத்துக்குள் வந்தவர்கள் முக்கால்வாசிப் பேருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கிட்ட இரத்தசோகை.

ஆக, இந்தக் கரையில் "பெண்கள் வருவதில்லை" என்று சொல்வது தவறு. வருகிறார்கள். தாமதமாக வருகிறார்கள், நடுவில் ஒரு மாதம் காணாமல் போகிறார்கள், தாய்வீட்டுக்குப் போகும்போது ஏடும் அட்டையும் தொடர்பறுந்து போகின்றன. இந்த மூன்றுக்கும் காரணம் அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மூன்று மாதத்துக்குள் வந்தால் என்ன, ஐந்தாம் மாதம் வந்தால் என்ன?

பெரிய வித்தியாசம் உண்டு. பிள்ளையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் ஆகப்போகிற குழாய், கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். ஃபோலிக் அமிலம் அந்தச் சமயத்தில் உடம்பில் இருக்க வேண்டும். அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே அந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறோம்.

அடுத்தது இரத்த அழுத்தம். கர்ப்பத்தின் நடுமாதங்களில் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். முன்பே பிரஷர் இருந்த பெண் ஐந்தாம் மாதம் முதல்முறையாக வந்தால் அட்டையில் நல்ல எண்தான் விழும், நாமும் ஏமாந்து போவோம். எட்டாம் மாதம் அது ஏறும்போது பழைய பிரஷரா, கர்ப்பத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நாள் கணக்கு. கடைசியாக எப்போது குளித்தாய், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டால் தேதி சொல்கிறவர்கள் குறைவு. "தடைக்காலம் ஆரம்பிச்ச வாரம் நர்சக்கா" என்பார்கள். அது எளிது, மீன்பிடித் தடை தொடங்குவது ஏப்ரல் 15. "ஏர்வாடி சந்தனக்கூடு முடிஞ்சு ரெண்டாம் நாள்" என்றால் காலண்டரைப் புரட்ட வேண்டும், ஏனென்றால் அந்தத் தர்கா விழா வருடத்துக்கு வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். என் மேசையில் எப்போதும் இரண்டு வருடக் காலண்டர் கிடக்கும். மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் ஒரு வாரத்துக்கு உள்ளான பிசகோடு நாளைச் சொல்லிவிடலாம். பிந்தப் பிந்த அந்தப் பிசகு கூடும்.

மொத்தம் எத்தனை தடவை போக வேண்டும்?

குறைந்தது நான்கு என்பது நம் நாட்டு வழக்கு: 12 வாரத்துக்குள் ஒன்று, 14–26 வாரத்தில் ஒன்று, 28–34 வாரத்தில் ஒன்று, 36 வாரத்துக்குப் பிறகு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் எட்டு முறை என்று மாற்றிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். இது தவிர மாதந்தோறும் 9-ஆம் தேதி மருத்துவர் பார்க்கும் சிறப்பு முகாம் 2016 முதல் நடக்கிறது. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் உப்பு (புரதத்தைத்தான் அப்படிச் சொல்வோம்), சர்க்கரை, இரத்த வகை, ரண ஜன்னி ஊசி எல்லாம் இலவசம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்போம். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. அந்த இரண்டு மணி நேரத்தை மறக்காதீர்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

நாள் தள்ளிப் போனது தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்?

கண்ணேறு பயம் ஒன்று. மூன்று மாதம் தாண்டாமல் வெளியே சொன்னால் தங்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொன்ன பிறகு கலைந்து போன அனுபவம் ஊரில் யாருக்காவது இருக்கும், அது பத்து வருடத்துக்குப் பேசப்படும். முதல் மாதங்களில் தானாகக் கலைவது எங்கும் நடக்கிற விஷயம், வெளியே சொன்னதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கலாம். விளக்கியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்குப் பலித்த வழி வேறு. "ஊருக்குச் சொல்ல வேண்டாம் ஆத்தா, எனக்கு மட்டும் சொல்லு" என்பேன். முழுகாமல் இருக்கிறாள் என்பது நர்ஸ் வீட்டுக்கு வந்த மாத்திரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதுதான் அவர்கள் பயம். அதனால் நான் தடுப்பூசிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற சாக்கில் நாலு வீட்டுக்கும் போய், அந்த வீட்டிலும் ஐந்து நிமிடம் உட்காருவேன். சிறுநீர்ப் பரிசோதனை அட்டை என் பையின் அடியில் இருக்கும்.

மறைப்பதற்கு இன்னொரு காரணம் மூன்றாவது, நான்காவது கர்ப்பம். நர்ஸ் திட்டுவாள், குடும்பக் கட்டுப்பாடு பேசுவாள் என்று ஒளிகிறார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களும் இவர்களே. இதைப் பற்றிக் கீழே என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு வர முடியாதா?

இதுதான் இந்தக் கரையின் தனிக் கதை, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, பாம்பன் தீவிலிருந்து ஏர்வாடிக்கு அப்பால் வரை பல ஊர்களில் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். கடல் நன்றாக வற்றுகிற அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் தோது. பாசி அழியாமல் இருக்க மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் போவது என்று சின்னப்பாலம் போன்ற ஊர்களில் அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் மாதத்துக்கான கைக்காசு.

கடல் வற்றுவது கிழமை பார்த்தா வற்றும்? செவ்வாய்க்கிழமை அமாவாசையை ஒட்டி வந்துவிட்டால் அன்றைக்குப் பரிசோதனைக்கு வருகிறவள் ஒரு நாள் பாசியை இழக்கிறாள். குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார், பிறகு ரிசல்ட்டுக்கு உட்கார் என்றால் பகல் முழுக்கப் போயிற்று. படகில் ஐந்தாறு பேர் சேர்ந்து போவதால் இவள் ஒருத்தி நின்றால் டீசல் பங்கு மற்றவர்கள் தலையில் ஏறும். அதையும் அவள் யோசிக்கிறாள்.

ஒருத்தி ஆறாம் மாதம் முடியும்போது வந்தாள். விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்காமலே கையை நீட்டினாள். பாறையில் கீறாமலிருக்கச் சுற்றுகிற துணி அது, உப்பேறி விறைத்துப் போயிருந்தது. ஹீமோகுளோபினுக்கு விரலில் குத்த வேண்டும் என்றதும் அவிழ்த்தாள். பத்து விரலிலும் வெட்டு, ஆறினதும் ஆறாததும். எந்த விரலில் குத்துவது என்று எனக்குத்தான் தயக்கம். "எதுல வேணும்னாலும் குத்துங்க அக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். 7.8 காட்டியது. 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் மிகக் கடுமை. இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து மணி நேரம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தவள் 7.8 வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறாள்.

அதன் பிறகு நான் வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியைச் சுற்றிய செவ்வாய்களைச் சிவப்பில் குறித்துவிடுவேன். அந்த வாரம் பாசிக்காரப் பெண்களை நானே சாயங்காலம் வீட்டில் போய்ப் பார்ப்பேன். எடைக்கருவியும் பிரஷர் கருவியும் பையில். சட்டத்தில் இல்லாத ஏற்பாடு, ஆனால் தடுத்த சட்டமும் இல்லை.

பனைத்தொழில், கருவாடு காயப்போடுவது, நூறு நாள் வேலை எல்லாவற்றிலும் இதே கணக்குத்தான், கூலி நாளின் கணக்கு.

வீட்டில் யார் சொன்னால் நடக்கும்?

கணவனைவிட மாமியார். தலைப்பிரசவமாக இருந்தால் பெண்ணின் அம்மாவும். கணவன் கடலில் இருப்பான், கரைக்கு வந்தால் தூங்குவான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கையில் அடைபட்டுவிட்டால் அந்த வீட்டில் கர்ப்பப் பரிசோதனையை யார் நினைப்பார்கள்? அப்படி ஒரு வீட்டில் மனு எழுத, கலெக்டர் அலுவலகம் போக என்று அந்தப் பெண்ணே அலைந்தாள், நிறைமாதத்தோடு.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது ஆண்கள் மனைவியைக் கூட்டி வருவார்கள். ஆள் இருக்கும், காசு இருக்காது. ஸ்கேனுக்கு டவுனுக்குப் போகிற செலவை ஜூன் பாதிக்கு மேல் தள்ளுவார்கள்.

மாமியாரை எதிரியாக நினைத்துப் பேசினால் காரியம் கெட்டுப்போகும். "அயித்த, நீங்க அஞ்சு பெத்தீங்க, ஒண்ணு தங்கலைன்னு சொன்னீங்களே, அது எத்தனாவது மாசம்?" என்று கேட்டுப்பாருங்கள். அந்தக் கதை முடியும்போது மருமகளை அனுப்பத் தயாராக இருப்பார்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு மாதிரியா?

கொஞ்சம். அங்கே பல வீடுகளில் கணவர் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பார், செலவுக்குப் பணம் வரும். பெண்கள் பெரும்பாலும் உம்மா வீட்டில் இருப்பதால் கவனிப்புக்குக் குறைவில்லை. பெண் டாக்டர் இல்லையென்றால் மட்டும் வரமாட்டார்கள், அது ஒன்றுதான் நிபந்தனை. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதிகம், அதனால் நம் ஏட்டில் "வரவில்லை" என்று விழும். வேறெங்கோ எட்டு முறை போயிருப்பாள். ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நோன்பு மாதத்தில் கேட்பார்கள். கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையோ இரத்தசோகையோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம்.

தூரம் ஒரு தடையா?

முன்னளவுக்கு இல்லை. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவில் இருந்தவர்களுக்கு ரயிலும் படகும்தான் வழி. இப்போது 108 வருகிறது, இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரியே 2022-இல் திறந்துவிட்டார்கள். ஆனாலும் இராமேஸ்வரத்திலிருந்து அங்கே 55 கிலோமீட்டர். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். 108 வலிக்கு வரும், மாதாந்திரப் பரிசோதனைக்கு வராது.

அரசு கொடுக்கும் பணத்துக்காகத்தான் வருகிறார்களா?

வந்தால் என்ன தப்பு? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ஆனது. இதில் 14,000 ரொக்கம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தவணை முறையை இடையிடையே மாற்றுகிறார்கள், உங்கள் ஊர் செவிலியரிடம் இன்றைய முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற எண் வேண்டும், பிள்ளையின் பிறப்பைப் பதியவும் அந்த எண்ணைக் கேட்பார்கள். அது சீக்கிரம் பதிவு செய்ய வைத்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

சிக்கல் இரண்டு. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம், அதனால் மூன்றாவது பிள்ளைக்காரிக்குச் சீக்கிரம் வர ஈர்ப்பு இல்லை. இரண்டாவது, ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். கல்யாணமான புதுப்பெண்ணுக்கு முகவரி அப்பா வீட்டில் கிடக்கும். பணம் வராத கோபத்தில் பரிசோதனையையும் விட்டவர்கள் உண்டு.

சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போய் ஏன் சாப்பிடுவதில்லை?

குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு இறுகுகிறது. இதெல்லாம் உண்மையான தொந்தரவு, கற்பனை இல்லை. கூடவே "பிள்ளை பெருத்துப் போகும், ஆபரேஷன்தான்" என்கிற பயம், "பிள்ளை கறுத்துப் பிறக்கும்" என்கிற பேச்சு. ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் ஏழு அட்டை மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்காமல், வரிசையாக அடுக்கி இருந்தது. எறியவும் மனசில்லை, விழுங்கவும் மனசில்லை.

இராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள், குமட்டல் தூக்கத்தில் போய்விடும். டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் ஏறாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். மலம் கறுப்பது மருந்து போகிற அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. இதை மாத்திரை கொடுக்கிற அன்றே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள்.

உப்புத் தண்ணீர் குடித்தால் பிரஷர் வருமா?

வங்கதேசத்தின் கடலோர ஊர்களில் செய்த ஆய்வுகளில், குடிநீரில் உப்பு கூடின இடங்களில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் அதிகம் காணப்பட்டது. நம் ஊர்களிலும் கிணறு கரிக்கிறது, ஊற்றுத் தோண்டித்தான் நல்ல தண்ணீர் இறைக்கிறார்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கிடைக்கிற நல்ல தண்ணீரில் முதல் குடம் கர்ப்பிணிக்கு என்று வையுங்கள். தினமும் கருவாடு, ஊறுகாய் வேண்டாம். குடத்தை இடுப்பில் வைத்து மணலில் நடப்பதை வேறு யாராவது செய்யட்டும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனால் பரிசோதனை என்ன ஆகும்?

இங்கேதான் நூல் அறுகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, மடி நிறைத்து அனுப்புவார்கள். புடவை, பழம், பலகாரம் எல்லாம் போகும், தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அங்கே உள்ள செவிலியருக்கு இவள் யாரென்றே தெரியாது. பிரஷர் ஏறுவதும் தலை திரும்பாமல் இருப்பதும் தெரிகிற மாதங்களும் இவைதான்.

அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு வளையல் தட்டிலேயே வையுங்கள். போய்ச் சேர்ந்த முதல் செவ்வாய் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நர்ஸ்கள் திட்டுகிறார்கள் என்கிறார்களே?

உண்மை. நானும் திட்டியிருக்கிறேன். நாலாவது கர்ப்பத்தோடு ஐந்தாம் மாதம் வந்த ஒருத்தியிடம், எல்லார் முன்னாலும், "இன்னுமா பெத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு எண்பது பேர் வரிசை, எனக்கு மதியச் சாப்பாடு இல்லை. அதெல்லாம் சமாதானம் ஆகாது. அவள் ஒன்றும் சொல்லாமல் அட்டையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அதன் பிறகு வரவே இல்லை. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், கதவு சாத்தியிருந்தது. எட்டரை மாதத்தில் கால், முகமெல்லாம் வீங்கி 108-இல் போனாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிறகு என்னைக் கண்டால் மரியாதையாகத்தான் பேசுவாள், அதுதான் இன்னும் சுடும்.

எந்த அறிகுறி வந்தால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது?

விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு. துளி இரத்தப்போக்கு ஆனாலும் சரி. தண்ணீர்க்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளை அசைவு குறைதல், படுத்தால் மூச்சு வாங்குதல். உடனே 108. சந்தேகம் கேட்க 104.

ஆய்வுக்கு எங்கள் ஊருக்கு வருகிறேன், என்ன கேட்க வேண்டும்?

தாதியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் பிரசவகால மரணங்களுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகச் சொன்னார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, போன இடத்தில் கவனிப்புக் கிடைப்பதில் ஒன்று. உங்கள் கேள்வித்தாள் பெரும்பாலும் அதைத்தான் சுற்றி வரும், நல்லதுதான். கல்வி எத்தனை, வருமானம் எத்தனை, எத்தனையாவது பிள்ளை என்பதோடு இன்னும் சில கேள்விகள் சேருங்கள். முதலில் யாரிடம் சொன்னாய்? அன்றைக்கு வேலையை விட்டதில் எவ்வளவு போயிற்று? கடைசி இரண்டு மாதம் எந்த ஊரில் இருந்தாய்? அட்டை யாரிடம் இருந்தது?

சுகாதார நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் வந்தவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். அமாவாசையை ஒட்டிய ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வாருங்கள். காலையில் பெஞ்சில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு, மதியத்துக்கு மேல் கரைக்குப் போய் நில்லுங்கள். பாசி மூட்டையோடு இறங்குகிறவர்களில் யார் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.